ஆறு மில்லிமீட்டர்

சபாக்கிலிருந்து வந்து இறங்கிய வேகத்தில் வேலம்மா அண்ணி செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒரு கால் செருப்போடு ஹாலுக்குள் ஓடிவந்தவள், சுவரோரம் பலகைமேல் வெள்ளை வேட்டி போர்த்திக் கிடந்ததைப் பார்த்ததும் "ஐயோ, தம்பீ!" என்று அதன்மேல் விழுந்தாள்.

சமையலறையிலிருந்து புஷ்பா வெளியே வருவதற்குள் ஒப்பாரி நன்றாகச் சூடு பிடித்துவிட்டது.

"உடம்பு இப்படி ஜில்லுனு ஆயிடுச்சே! கட்டையா இறுகிப்போச்சே! போன தீபாவளிக்கு வந்தப்ப எப்படி இருந்தே, இப்படி இளைச்சிட்டியே!"

அண்ணி இரண்டு கைகளாலும் தடவித் தடவி அழுதாள். கொண்டுவந்திருந்த சாமந்தி மாலையை, தலை என்று அவள் நினைத்த அகலமான பக்கத்தில் சாத்தியும் விட்டிருந்தாள்.

புஷ்பா அவள் தோளைத் தொட்டாள். "அண்ணி. அண்ணி, அது பாய்லர்."

"யாரு?"

"பாய்லர். அவரு செஞ்சது. அவரு இன்னும் ஆஸ்பத்திரியிலேருந்து வரல."

புருஷனின் அக்காவான இந்த அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவைக்கு இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் பயந்து வராமல் இருந்துவிட்டவள். அவள் வேட்டியின் ஓரத்தைத் தூக்கி, முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தாள். உள்ளே செம்பு பளபளத்தது. விரலால் சுண்டினாள். கணீரென்றது.

"தம்பி செஞ்சதா?"

"ஆமா."

"பாவிப்பய, எம்புட்டு வழவழன்னு செஞ்சிருக்கான்!" என்று மூக்கைச் சிந்திக்கொண்டாள் அண்ணி. மாலையைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

 விடியற்காலையிலிருந்து புஷ்பா அழவில்லை. இப்போது வருவது அழுகையாக இருந்தால் பரவாயில்லை, சிரிப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

புஷ்பாவின் கணவர் அப்பளசாமி, புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஓர் எண்ணெய்ப்பனை மில்லில் பாய்லர்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தார். ஜப்பானில் யாரோ ஒருவர், தன் வீட்டுக் கொட்டகையில் தானே செய்த முழங்கால் உயர ரயில் எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்து தன் வீட்டையே சுற்றிவந்தார். பொம்மை இல்லை. நிஜ நெருப்பு, நிஜத் தண்ணீர், நிஜ நீராவி. திருப்பத்தில் அது நிஜமாகவே ஊதியது. அப்பளசாமி அதை மனைவியின் அண்ணன் சன்னாசிக்கு வாட்சப்பில் அனுப்பி, "செய்வமா?" என்று கேட்டார். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினோடு ஆயுளைக் கழித்துவிட்டு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த சன்னாசி, ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். அதற்குமேல் பேச்சுவார்த்தை ஒன்றும் நடக்கவில்லை.

கோலா சிலாங்கூரில் அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பு வீட்டின் கார் நிறுத்துமிடம் தகரம் அடைக்கப்பட்டுப் பட்டறையானது. கார் வெளியே மழையில் நனைந்தது. பழைய லேத் ஒன்று வந்து இறங்கியது. புஷ்பா துணி ஊறவைக்கும் பெரிய வாளி, செம்புத் தகட்டை ஆசிட்டில் ஊறவைக்கப் போனது. தீ, தண்ணீர், நீராவி சம்பந்தப்பட்டதெல்லாம் அப்பளசாமியின் பொறுப்பு. உருள்வது, சுழல்வது எல்லாம் சன்னாசியின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் சன்னாசி ரவாங்கிலிருந்து வேனை ஓட்டிக்கொண்டு வருவார். இரண்டு பேரும் பகல் முழுக்க ஒருவருக்கொருவர் காதில் கத்திக்கொண்டு, சாயங்காலம் கறுத்த கையோடு சாப்பிட உட்காருவார்கள். "மச்சான்", "மச்சான்" என்று மூச்சுக்கு மூச்சு கூப்பிட்டுக்கொள்வார்கள். புஷ்பாவுக்கு அந்த நாட்களில் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டே இருப்பதுபோல இருக்கும்.

பிறகு கொரோனா வந்தது. சாலையெல்லாம் போலீஸ் தடுப்பு. எஞ்சினின் சட்டத்துக்கான இரும்புத் தகடுகள் ரவாங்கில் சன்னாசி வீட்டில் மாட்டிக்கொண்டன. பாய்லர் இங்கே மாட்டிக்கொண்டது. இருவரும் ஃபோனில் அளவு சொல்லிச் சொல்லி வேலை செய்தார்கள். தடையெல்லாம் நீங்கி, சன்னாசி சக்கரம் பூட்டிய சட்டத்தை வேனில் ஏற்றிக் கொண்டுவந்த நாளில், சங்கிலி போட்டு பாய்லரைத் தூக்கி மெதுவாக இறக்கினார்கள். பாய்லரின் பின்பக்கத்து நெருப்புப் பெட்டி, சட்டத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவே இறங்க வேண்டும். இறங்கவில்லை. மேலேயே உட்கார்ந்துவிட்டது.

ஆறு மில்லிமீட்டர் இடித்தது.

"சட்டம் குறுகல்" என்றார் அப்பளசாமி. "பெட்டி அகலம்" என்றார் சன்னாசி. இருவரும் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிட்ட அந்த எண்ணின்மேல் ஃபோட்டோஸ்டேட் மெஷினின் கறுப்புக் கறை ஒன்று அட்டைப்பூச்சிபோல ஒட்டியிருந்தது. இரண்டு பேரிடமும் அதே கடையில் எடுத்த நகல்தான். அதன்பிறகு பேச்சு அளவை விட்டு வேறு எங்கெங்கோ போனது. அடுப்புக்கு விறகு தள்ளினவனுக்கு அளவு என்ன தெரியும் என்று ஒருவர் கேட்டார். நாள் முழுக்க ஒரே போல்ட்டைக் கடைந்தவனுக்கு எஞ்சின் என்ன தெரியும் என்று மற்றவர் கேட்டார்.

அன்றைக்கு நின்றது பேச்சு.

ஆனால் சன்னாசியின் வருகை நிற்கவில்லை. "என் தங்கச்சி வீட்டுக்கு நான் வரேன்" என்றார் அவர். "வரட்டுமே, நான் வேணாங்கறேனா?" என்றார் இவர். சட்டமும் சன்னாசியும் பட்டறையில். பாய்லரும் அப்பளசாமியும் ஹாலில். நடுவில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலோரம் புஷ்பா. ஒருவரையொருவர் கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருந்துகொண்டு, நான்கு வருஷமாக அவர்கள் பேசியதெல்லாம் புஷ்பாவிடம்தான்.

"புஷ்பா, உன் அண்ணன்கிட்ட சொல்லு, நிலக்கரி நிலக்கரின்னு அலைய வேணாம், மில்லுல எரிக்கிற பனங்கொட்டை ஓடே போதும். நெருப்பப் பத்தி எனக்குச் சொல்லித்தர வேணாம்னு சொல்லு."

புஷ்பா ஜன்னல் பக்கம் திரும்புவாள். "அண்ணே, கொட்டை ஓடு நல்லா எரியுமாம். உங்களுக்கு சம்மதமானு கேக்கறாரு."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, அந்த ஓட்டப் போட்டா ஊரே புகை மண்டிப் போயி ஃபயர் பிரிகேட் வந்து நிக்கும். மூளை இருக்கா இல்லையானு கேளு."

"ஏங்க, கொஞ்சம் புகை வருமோன்னு பயப்படறாரு."

இப்படித்தான் நான்கு வருஷம். சில ஞாயிறுகளில் அவளுக்கு நாக்கு வறண்டுவிடும். ஆனாலும் ஒரு திங்கட்கிழமைகூட, இது போதும் என்று அவள் நினைத்ததில்லை.

அன்று விடியற்காலையில் ஆஸ்பத்திரி நடையிலிருந்து அவள் அண்ணனுக்கு அழைத்தாள். "அண்ணே, அவரு போயிட்டாரு."

 சன்னாசி, "எங்க?" என்று கேட்டார்.

சன்னாசி வந்தபோது கூடாரம் போடும் ஆட்கள் சாலையில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் ஒரு துணிக்கடைப் பை. தங்கைக்கான கோடிச் சேலை. அவர் வழக்கம்போல நேராகப் பட்டறைக்குள் போனார். சட்டத்தின் பக்கத்தில், தன் முக்காலியில் உட்கார்ந்தார். ஹால் படியை அவர் நான்கு வருஷமாகத் தாண்டியதில்லை. சாப்பாடுகூட ஜன்னல் வழியாகத்தான் போகும். புஷ்பா ஜன்னலுக்கு வந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார்.  கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சேதி இல்லாமல் அந்த ஜன்னலில் நிற்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"காப்பி போடவா?" என்று கேட்டாள்.

"ம்" என்றார்.

உடலை ஏற்றிய வேன் வந்தது. ஈமக்காரிய வேலைகளைப் பார்க்கும் யுவனேஸ்வரன் இறங்கி, பட்டறை வழியாகத்தான் பெட்டி உள்ளே போக முடியும் என்பதைப் பார்த்தான். வழியின் நடுவில் எஞ்சினின் சட்டம்.

"இத யாராச்சும் நாலு பேரு தூக்கிடுங்கண்ணே."

"யாரும் தொட வேணாம்" என்று எழுந்தார் சன்னாசி. "நானே தள்ளிக்கறேன்."

பட்டறையிலிருந்து வெளிக்கதவு வரைக்கும் குட்டித் தண்டவாளம் ஒன்று தரையில் பதித்திருந்தது. அவர் ஒரு கையை வைத்துத் தள்ளினார். சக்கரங்கள் சத்தமே இல்லாமல் உருண்டன. பக்கவாட்டில் வெள்ளிபோல மின்னிய தண்டுகள் முன்னும் பின்னும் போய்வந்தன. கம்பம் நட்டவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேனுக்குள் அப்பளசாமி காத்திருந்தார்.

"ஓடுமாண்ணே?" என்று கேட்டான் யுவனேஸ்வரன்.

"பாய்லர் ஏறினா ஓடும்."

"பாய்லர் எங்க?"

"உள்ள படுத்திருக்கு."

யுவனேஸ்வரன் இடம் பார்க்க ஹாலுக்குள் நுழைந்தான். பலகைமேல் வெள்ளை வேட்டி போர்த்தி, மாலை போட்டு, தலைமாட்டில் வேலம்மா அண்ணி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஊதுவத்திக் கட்டோடு அப்படியே வெளியே வந்தான்.

"அக்கா" என்றான் புஷ்பாவிடம் தணிந்த குரலில். "எனக்கு ஒரு ஆள்னுதான் சொன்னாங்க."

மகன் திலீப்புக்கு முகம் சிவந்துவிட்டது. ரவாங்கில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் அதிகாரி அவன். அவனுடைய அலுவலக நண்பர்கள் வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, ப்ளீஸ்மா. இத எங்கயாச்சும் வைக்கணும்."

நான்கு பேர் பாய்லரைத் தூக்கினார்கள். சாமான் அறையில் இடமில்லை. சமையலறையில் பெண்கள் இருந்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் படுக்கையறைக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். அது அப்பளசாமி படுக்கும் பக்கம். கொஞ்ச நேரம் கழித்துப் புடவை மாற்ற உள்ளே போன புஷ்பா அதைப் பார்த்தாள். யாரோ நல்ல எண்ணத்தோடு தலையணையையும் அண்டக் கொடுத்திருந்தார்கள்.

"மெத்தையில கறை பட்டா போகாது" என்று அவள் வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு, பதில் வருகிறதா என்று ஒரு நிமிஷம் நின்றாள்.

வெளியே கூடாரத்தின் கீழ் சட்டம் நின்றது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். யாரோ அதன்மேல் தண்ணீர்ப் போத்தல் பெட்டியை வைத்தார்கள். சன்னாசி எழுந்துபோய் அதைக் கீழே வைத்தார். இன்னொருவர் கடலைத் தட்டை வைத்தார். அதையும் எடுத்துவைத்தார். சாமர்த்தியக்காரர் ஒருவர் அதன்மேல் உட்காரவே பார்த்தபோது, "அது உக்கார்றதுக்கு இல்ல" என்றார். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அதுவரை அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி அப்பளசாமியைப் பெட்டியில் கிடத்தினார்கள். வேலையில் இருக்கும்போது எப்போதும் சுருங்கியிருக்கும் புருவம் இப்போது நீவிவிட்டதுபோல இருந்தது. விரல் நகங்களின் அடியில் கறுப்பு மட்டும் போகவில்லை. குளிப்பாட்டியவர்கள் பிரஷ் வைத்துத் தேய்த்தும் போகவில்லையாம்.

"பொறந்த வீட்டுக் கோடி போடணும். அண்ணன்காரர் யாரு? உள்ள வாங்க" என்று சடங்கு செய்ய வந்த பண்டாரம் கூப்பிட்டார்.

சன்னாசி ஹால் படிக்கு வந்தார். அங்கே நின்றார். பின்னால் வந்தவர்கள் அவர் முதுகில் இடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டி உள்ளே வந்தார். சேலையைப் பிரித்துத் தங்கையின் தோளில் போட்டார். முந்தானையில் கடையின் சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. புஷ்பா அதை நகத்தால் கிள்ளி எடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

வாய்க்கரிசி போட ஆரம்பித்தார்கள். திலீப், மருமகள் பிரேமலா, பிறகு அண்ணி. அண்ணி இந்த முறை நன்றாகக் குனிந்து முகத்தைத் தடவிப் பார்த்து, "இதானே?" என்று புஷ்பாவிடம் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே அரிசியைப் போட்டாள்.

சன்னாசியின் முறை வந்தது. அவர் அரிசியை அள்ளினார். பெட்டியின் அருகில் வந்தார். கை அந்தரத்தில் நின்றது.

"வாயில போடுங்கய்யா" என்றார் பண்டாரம்.

சன்னாசி அப்பளசாமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புஷ்பா."

"ம்."

"அவருகிட்ட சொல்லு."

 திலீப் "மாமா..." என்று ஒரு அடி முன்னால் வந்தான். புஷ்பா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"என்னாண்ணே சொல்லணும்?"

"சட்டத்த நானே அகட்டிடறேன்னு சொல்லு. தகட்டக் கழட்டி எல்லாத்தையும் புதுசா போடறேன். நேரம் எடுக்கும். ஆனா செஞ்சிடறேன்னு சொல்லு."

புஷ்பா பெட்டியின்மேல் குனிந்தாள். இந்த நான்கு வருஷத்தில் அவள் மாற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லாத முதல் சேதி இது.

"ஏங்க" என்றாள். "அண்ணன் சொல்றாரு. சட்டத்த அவரே அகட்டிடறாராம். தகட்டக் கழட்டி எல்லாத்தையும் புதுசா போடறாராம். நேரம் எடுக்குமாம். ஆனா செஞ்சிடறாராம்."

மின்விசிறி சுற்றியது. பண்டாரம், திலீப், திலீப்பின் மேலதிகாரி, பிரேமலாவின் தாய் தகப்பன், பக்கத்து வீட்டு மலாய்க்காரர், எல்லாரும் தங்களையறியாமல் அப்பளசாமியின் முகத்தைப் பார்த்தார்கள்.

காது சரியாகக் கேட்காத வேலம்மா அண்ணி, எல்லாரும் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, உரக்கக் கேட்டாள்: "என்னா சொல்றான்?"

யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். சன்னாசி அரிசியோடு நின்றுகொண்டிருந்தார்.  அவரும் பதிலுக்குத்தான் காத்திருக்கிறார் என்பது புஷ்பாவுக்குத் தெரிந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேங்கறாரு" என்றாள்.

முதலில் யுவனேஸ்வரன்தான் கைக்குட்டையை வாயில் அமுக்கிக்கொண்டு வெளியே ஓடினான். பிறகு பிரேமலாவின் தோள் குலுங்கியது. பண்டாரம் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி அங்கே இல்லாத எதற்கோ கற்பூரம் காட்டினார். ஹால் முழுக்க ஓர் அலை போனது. அது சிரிப்பா அழுகையா என்று கேட்டால் அங்கே இருந்த யாராலும் சொல்லியிருக்க முடியாது. அலுவலக நண்பர்கள் திலீப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

சன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. சரிதான் என்பதுபோலத் தலையாட்டினார். எப்போதும் அந்தப் பதில்தான் வரும். குனிந்து, அரிசியைப் போட்டார்.

ஆண்கள் மின்சுடலைக்குப் போன பிறகு, பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். புஷ்பாவைத் தலைமுழுக வைத்து, ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதுவும் செய்யக்கூடாது என்றார்கள். அவள் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருப்பதைவிட அவர்களோடு சேர்ந்து தரையைத் தேய்த்திருக்கலாம் என்று தோன்றியது.

வெயில் சாயும் நேரத்தில் ஆண்கள் திரும்பிவந்து குளித்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து மீஹூன் அரிசிச் சேமியாப் பொட்டலங்கள் வந்தன. திலீப் ஈரத் தலையோடு அவள் அருகில் வந்து குந்தினான்.

"அம்மா, கருமாதி முடிஞ்சதும் நீங்க எங்ககூட ரவாங் வந்துடுங்க. இங்க தனியா எப்படி? வீட்ட வாடகைக்கு விட்டுக்கலாம். பட்டறைச் சாமானயெல்லாம் யாராச்சும் வேணுங்கறவங்களுக்குக் குடுத்துடலாம்மா. யாருமா இனிமே அத செய்யப்போறாங்க?"

புஷ்பா ஜன்னலைப் பார்த்தாள். பட்டறையில் யாரும் இல்லை. ரவாங்கில் மகன் வீடு எட்டாவது மாடி. அங்கே அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தால், சட்டை மடிப்புக் கலையாமல் சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

"அப்பா உன்கிட்ட சொல்லச் சொன்னாருப்பா" என்றாள்.

திலீப் நிமிர்ந்தான். "என்னம்மா? எப்ப?"

"ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி. எஞ்சின் முடியற வரைக்கும் இந்த வீட்டப் பூட்டக்கூடாதுன்னு திலீப்கிட்ட சொல்லிடுன்னாரு."

திலீப்பின் கண் நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "சரிம்மா. அப்பா சொன்னா சரி லா. நான் வேற ஒண்ணும் பேசல."

அவன் எழுந்துபோன பிறகு புஷ்பாவுக்கே திகைப்பாக இருந்தது. இவ்வளவு சுலபமா? இரண்டு கிழவர்களோடு மல்லுக்கட்டியதில் கை இப்படித் தேறிவிட்டிருக்கிறது.

அந்தத் தைரியத்தில்தான், கொஞ்ச நேரம் கழித்துச் சன்னாசி சமையலறைக்கு வந்து, மேசையில் எதிரே உட்கார்ந்து, தோளில் ஈரத்துண்டோடு தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவள் தடுமாறவில்லை.

"கடைசியா... எனக்கு எதாச்சும் சொன்னாரா?"

"சொன்னாருண்ணே. அந்த ஆறு மில்லி என் தப்புதான், உன் அண்ணன்கிட்ட சொல்லிடு, மனசுல ஒண்ணும் வச்சிக்க வேணாம்னாரு."

சன்னாசி அவளை நிதானமாகப் பார்த்தார்.

"பொய்" என்றார்.

"இல்லண்ணே, நெஜமா..."

"புஷ்பா. அந்த ஜன்னல் தொறந்தேதான் இருந்துச்சு. அவரு என்னா சொல்றாருன்னும் எனக்குக் கேக்கும். நீ என்னா மாத்திச் சொல்றேன்னும் கேக்கும். அவருக்கும் அப்படித்தான்."

புஷ்பாவுக்கு முகம் சூடாகியது. இது ஏன் தனக்கு ஒருநாளும் தோன்றவில்லை என்று நினைத்தாள். எவ்வளவு கவலைப்பட்டு, எவ்வளவு தேடித்தேடி வார்த்தைகளை மாற்றியிருக்கிறாள்!

"அப்பறம் ஏண்ணே ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க?"

சன்னாசி மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தார். "நீ சொல்றது கேக்க நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு, "நெஜத்தச் சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். கட்டில் ஓரத்தில் அப்பளசாமி மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் முதுகை நீவிவிட்டாள். தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது அவள் கையைப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "உன் அண்ணன்கிட்ட சொல்லு. நான் இல்லாதப்ப என் லேத்தத் தொட வேணாம்னு. தொட்டா தொடைச்சு வைக்க மாட்டான். சோம்பேறி."

"சோம்பேறின்னாரா?"

"ஆமா."

"நான் தொடைச்சு வைக்க மாட்டனாமா?" சன்னாசியின் குரல் உயர்ந்தது. "ஏன், அவரு மட்டும்? எண்ணெய் போட்டு வைக்காம ஒரு மாசம் துருப்பிடிக்க விட்டது யாரு? மண்ணெண்ணெய் வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தது யாரு? கேளு புஷ்பா! கேளு அவரு..."

நின்றுவிட்டார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கு வழியாக, பிறகு தோள் குலுங்க, பிறகு மேசையே ஆடும்படி. "சோம்பேறியாம்" என்றார். "கடைசி நேரத்துல, பாரு, சோம்பேறியாம்!" கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்து முகத்தில் வைத்தார். சிரிப்பு ஓய்ந்தது. துண்டு முகத்திலேயே இருந்தது. புஷ்பா மேசைமேல் இருந்த உப்புப் போத்தலை இங்கிருந்து அங்கே நகர்த்தினாள். அங்கிருந்து இங்கே நகர்த்தினாள். வெளியே கூடாரத்துக் கம்பங்களைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. வேலம்மா அண்ணி யாரிடமோ, பாய்லர் என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துச் சன்னாசி துண்டை எடுத்தார். முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க, புஷ்பாவின் தலை தானாக ஹால் பக்கம் திரும்பியது. கழுவிவிட்ட தரை காற்றாடியின் கீழ் திட்டுத்திட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"இல்லண்ணே" என்றாள்.

அவர் ஒரு பொட்டலத்தை இழுத்தார். ரப்பர் வளையத்தைக் கழற்றித் தாளை விரித்தார். மீஹூன் ஆறிப்போயிருந்தது. மேலே தூவியிருந்த, அவளுக்கு ஆகாத பச்சை மிளகாய்த் துண்டுகளை, கறுத்த நகங்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளின் ஓரத்தில் வைத்துவிட்டு, பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.